ஐம்பது பெட்டி, அறுபது பெட்டி

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் நல்ல கோப்பை இருக்காது. காது கோணியது, அடியில் கரும்புள்ளி விழுந்தது, ஓரத்தில் மெருகு ஒட்டாமல் போனது என்று சூளையில் கெட்டுப்போனதெல்லாம் செகண்ட்ஸ் என்ற பெயரில் பாதி விலைக்கு வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்த ஆறு கோப்பையும் ஆறு பக்கமாகச் சாயும். அதில்தான் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் டீ கொடுத்தோம். கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது.

அதே கம்பெனியில் வேலை பார்த்த ஓர் அக்கா வீட்டில் மட்டும் ஒரு பீங்கான் சாமான் கிடையாது. எல்லாம் எவர்சில்வர். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"டீ குடிக்கறப்பகூட அந்தப் புள்ளியவே பாத்துக்கிட்டு இருக்கணும் தம்பி. வூட்டுக்கு வந்தும் டூட்டி பாக்கவா?"

அவர் பார்த்த டூட்டி செக்கிங். சூளையிலிருந்து வரும் டீ கப், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, டியூப் லைட்டுக்கு நேராக ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்லது இடது பக்கம், கெட்டது வலது பக்கம். ஒரு கோப்பைக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. நான் அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் நாலு வருஷம் இருந்தேன். அவர் வலது பக்கம் வைத்த கோப்பையை எடுத்து நானும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு எல்லாம் தங்கமாகத்தான் தெரியும். எங்கே அக்கா விரிசல் என்று கேட்டால், நகத்தால் ஓர் இடத்தைக் காட்டுவார். காட்டிய பிறகும் தெரியாது. முதலாளி ஒருநாள் லாரி நிற்கிறது, நேரமாகிறது என்று கத்தினார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க அனுப்பிக்கோங்க சார். சீட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்துத் தட்டினார். லாரி நின்றது.

என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, பின்னலை எப்போதும் முடிந்து கொண்டைக்குள் செருகியிருப்பார். பெயரை எழுதினால் ஊரில் யார் என்று தெரிந்துவிடும். அவருக்கு அது பிடிக்காது. அக்கா என்றே இருக்கட்டும்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் ஜங்ஷன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வீடியோ கேம் கடை போட்டபோது ஊரே சிரித்தது. இரண்டு பழைய டிவி, இரண்டு பழைய கேம் பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். வாசலில் ஒரு ரூபாய் காசு போடும் போன். என் மனைவி ஒரு வருஷம் கெடு வைத்திருந்தாள். அதற்குள் கடை காலூன்றவில்லை என்றால் மறுபடியும் டெஸ்பாட்சுக்கே போய்க் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்ற வேண்டும். எனக்கோ அந்த வைக்கோல் தூசியை நினைத்தாலே தும்மல் வரும்.

அக்கா வீடு அதே சந்தில் மூன்றாவது. டூட்டி முடிந்து வரும் வழியில் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட வருவார். லைன் கிடைக்கும்வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்ப்பார். அன்றைக்கு இரண்டு டிவியிலும் ஒரே பைக் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஐ.டி.ஐ. மாணவர்கள் ஆளுக்கொரு பெட்டியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இந்த டிவியில வண்டி கொஞ்சம் மெதுவாப் போவுது."

"ரெண்டும் ஒரே டிஸ்க்குதாங்கக்கா. அவன் மெதுவா ஓட்றான்."

"ஓட்றவன சொல்லல. பின்னாடி மரம் போவுது பாரு, அது மெதுவாப் போவுது."

நான் சிரித்தேன். மாணவர்களும் சிரித்தார்கள். அக்கா தங்கையோடு இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பாலக்கரையில் பிரௌசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். விஷயம் இதுதான். டிவியில் ஓடுகிற எதுவும் ஓடுவதில்லை. நின்றுகொண்டிருக்கும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டுகிறார்கள், நாம் ஓட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். சென்னையில் நான் வாங்கிய பெட்டி எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தது, நொடிக்கு அறுபது படம் காட்டும். இன்னொன்றை மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து என்னிடம் விற்றார். அது ஐம்பது படம்தான் காட்டும். அதனால் அதில் ஆட்டமே ஒரு பொடி மெதுவாகத்தான் போகும். ஆறு மாதமாக நாளெல்லாம் அந்த இரண்டு டிவிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. போன் பேச வந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா. பெட்டிகள் மேல் துணியைப் போட்டு மூடி, ஒயரை மாற்றி மாற்றிச் செருகி, அக்காவைக் கூப்பிட்டு எது எது என்று கேட்டேன். ஏழு தடவை மாற்றினேன். ஏழு தடவையும் சரியாகச் சொன்னார். எட்டாவது தடவை ஏமாற்றுவதற்காக ஒயரை மாற்றாமலே மாற்றியதுபோல நடித்தேன்.

"இத நீ மாத்தவே இல்லியே" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளுக்கு ஐம்பது, அறுபது என்று பெயராகிவிட்டது. "ஐம்பதுல உக்காரு, அறுபதுல ஆள் இருக்குது" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். அக்காவுக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. போன் பேசி முடித்த பிறகும் சுவரோரம் நின்று கால் மணி நேரம் பார்ப்பார். நின்ற படங்கள்தான் ஓடுகின்றன என்று நான் விளக்கியபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல என்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்லைங்கக்கா."

"ஒண்ணும் இல்லாதது எப்படித் தம்பி ஓடும்?"

சில நேரம் திரையில் கூட்டமாக வண்டிகள் வந்தால் ஐம்பது பெட்டி திணறும். படம் ஒரு கணம் நின்று போகும். எங்களுக்குத் தெரியாது. அக்கா மட்டும் "நிக்குது" என்பார். அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அது ஒரு கெட்ட பழக்கம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அந்த ஆட்டத்தை நிம்மதியாக விளையாட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தலைமுறைப் பெட்டிகளைப் பற்றிய பேச்சு எங்கள் ஊர்வரை வந்தது. ஆங்கிலப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். இப்போதைய டிவியில் ஐந்நூற்றுச் சொச்சம் வரியில் படம் தெரிகிறது, புதியதில் ஆயிரத்து எண்பது வரி. நொடிக்கு அறுபது படம். வியர்வைத் துளி தெரியும், புல் தனித்தனியாக ஆடும். விலைதான் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் இருபதாயிரம் என்றார்கள், மங்கலம்பேட்டைக்காரர் துபாய் விலையை ரூபாயாக மாற்றி முப்பது என்றார், பிரௌசிங் சென்டரில் படித்தவரை நாற்பது. கொஞ்சம் பொறுத்தால் இறங்கும் என்று ஒரு கட்சி, முதலில் வாங்குபவனுக்குத்தான் கூட்டம் என்று இன்னொரு கட்சி. பெட்டியோடு முடியாது. அந்த ஆயிரத்து எண்பது வரியைக் காட்டத் தட்டையான புது டிவி வேண்டும். அது பெட்டியைவிட விலை. எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்.

ஒரு லட்சம் எங்களிடம் இருந்தது என்பதுதான் விசேஷம். கம்மாபுரம் பக்கத்தில் என் மாமனார் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வந்த பணத்தில் மகள் பங்கு என்று அவளுக்குக் கொடுத்திருந்தார். என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"அது எங்கப்பா நெலம். ஒரு வாட்டிதான் வரும். யோசிச்சு செய்ங்க."

கெடு முடிய நாலு மாதம் இருந்தது. வாங்கினால் கடை நிற்கலாம், பணம் போகலாம். வாங்காவிட்டால் பணம் நிற்கும், கடை போகலாம். இதை யாரிடம் கேட்பது? பத்திரிகைக்காரர்கள் எண்ணைச் சொல்கிறார்கள். எண் யாருக்கு வேண்டும், எனக்குக் கண் வேண்டும். சென்னையில் ஒரு பெரிய கடையில் புதுப் பெட்டியைக் காட்சிக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வருஷக்கணக்கில் லீவு போடாதவர், "எத்தினி மணிக்கு ரயிலு?" என்று கேட்டார்.

சென்னைக் கடையில் குளிர் அடித்தது. சுவர் பூராவும் டிவி. கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்து, அக்கா கையிலிருந்த ஒயர்கூடையைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"ஃபுல் எச்.டி. சார். சிக்ஸ்டி ஃப்ரேம்ஸ்."

அக்கா முதலில் பெட்டியிடம் போனார். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. குனிந்து, விரல் முட்டியால் மேலே ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"தொடாதீங்க மேடம்."

"தொடல சார். சத்தம் பாத்தேன்."

பிறகு மேலே எரிந்த விளக்கில் ஒன்றை அணைக்கச் சொன்னார். டைக்காரர் என்ன நினைத்தாரோ, அணைத்தார். கார் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பையன்களில் ஒருவர் விளையாட, அக்கா இரண்டடி தள்ளி நின்று முக்கால் மணி நேரம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டால், எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த முதல் நிமிஷமே வாய் பிளந்துவிட்டது. தார்ச்சாலையில் ஈரம் மின்னியது. அப்படி ஒரு படத்தை நான் சினிமா தியேட்டரில்கூடப் பார்த்ததில்லை. வாங்கிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன்.

"படம் சுத்தமா இருக்குது தம்பி" என்றார் கடைசியில். "ரோட்டுல கல்லுகூட தெரியுது. ஆனா வளைவுல திரும்பறப்ப நிக்குது. நம்ம அறுபது பொட்டி இப்படி நிக்காது."

டைக்காரர் சிரித்தார். "மேடம், இது லேட்டஸ்ட். நிக்கவே நிக்காது."

"நிக்குதுங்க. நேராப் போறப்பவும் பாதிதான் காட்டுது."

டைக்காரர் உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் டிஸ்க் உறையைப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார், எங்களிடம் திரும்பி வரும்போது குரல் இறங்கியிருந்தது. "இந்த கேம் மட்டும் தேர்ட்டி ஃப்ரேம்ஸ்தான் மேடம். படம் பெருசு இல்லீங்களா, அதனால. அடுத்த வருஷம் வர்றதுல சரி பண்ணிடுவாங்க." அறுபது படம் என்று பெருமையடித்த இடத்தில் முப்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக் கடையின் பழைய பெட்டியில் ஓடியதில் பாதி.

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செங்கல்பட்டு தாண்டும்வரை நான் பொறுத்தேன்.

"என்னாக்கா பண்ணலாம்?"

"வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம்."

"நீங்க சொல்லுங்க."

"நானா இருந்தா ஒதுக்கிடுவேன் தம்பி."

வாங்கவில்லை. என் மனைவி பணத்தைப் பாங்கியில் போட்டாள். அன்றிரவு அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, செய்தது சரிதான் என்றே நானும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கடை திறந்தார்கள். துபாயிலிருந்து திரும்பிய வேறொருவர். அதே கறுப்புப் பெட்டி, சுவரில் தட்டை டிவி. அரை மணி நேரத்துக்கு இருபது ரூபாய் என்றார்கள். இந்த விலைக்கு எவன் போவான் என்று நான் சிரித்தேன். முதல் வாரமே ஐ.டி.ஐ. மாணவர்கள் போனார்கள். அடுத்த வாரம் காலேஜ் மாணவர்கள். போனவர்கள் திரும்பவில்லை. அதில் படம் நிற்கிறதே, பாதிதானே காட்டுகிறது என்று நான் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "அப்படியாண்ணே" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள்.

ஐப்பசி மழையில் என் கடையில் போன் மட்டும்தான் வேலை செய்தது. அதற்கும் அக்கா ஒருவர்தான் தவறாமல் வருவார். அன்றைக்கும் வந்தார். தங்கையோடு பேசிவிட்டு, யாரும் இல்லாத கடையில் தானாக ஓடிக்கொண்டிருந்த அறுபது பெட்டியைப் பார்த்து, "எவ்ளோ சுத்தமா ஓடுது" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ அப்படி ஒரு கோபம் வந்தது.

"சுத்தமா ஓடி என்னா புண்ணியம்? பாக்கறதுக்கு ஆளு எங்க? அன்னிக்கு ஒரு வார்த்த, நல்லா இருக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா இந்தக் கூட்டம் பூரா இங்க இருக்கும்."

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததையும் சேர்த்துக் கொட்டினேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா. நீங்க வலது பக்கம் ஒதுக்கி வெப்பீங்களே கப்பு, அதெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க? பாதிதான் செகண்ட்ஸு. மீதிய மொதலாளி சொல்லி நான்தான் நல்ல பொட்டியில வெச்சுக் கட்டி அனுப்புனேன். நாலு வருஷத்துல ஒரு புகார் வரல. ஒண்ணே ஒண்ணு வரல."

"தெரியும் தம்பி."

அக்கா குடையைக் கையில் எடுத்தார்.

"நான் பாத்த கப்பு எனக்குத் தெரியாதா? ஜங்ஷன்ல டீக்கடையிலயே வெச்சிருந்தாங்க."

"தெரிஞ்சும் ஏன் ஒதுக்குனீங்க?"

"கண்ணுக்குத் தெரியறத எப்படி இல்லன்னு சொல்றது?"

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். இரவெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். பணம் அவருடையதல்ல, கடை அவருடையதல்ல, கேட்டவன் நான். கூலியை விட்டுவிட்டு எனக்காகச் சென்னைவரை வந்து நின்று பார்த்தவரைப் பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாராந்திர லீவு. காலையில் கடை ஷட்டரைத் தூக்குகிறேன், எதிரே நிற்கிறார். முகத்தில் வருத்தம் இல்லை. நாலு நாளாக ஏதோ ஒன்றை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவரின் முகம்.

"ஏந்தம்பி, அந்தக் கடையில விளையாடறாங்களே, அவங்களுக்கு நிக்கறது தெரியலயா, இல்ல தெரிஞ்சும் விளையாடறாங்களா?"

"யாருக்குத் தெரியும்?"

"வா, போய்ப் பாப்பம்."

எதிரியின் கடைக்குப் போவதா என்று எனக்குக் கால் கூசியது. அக்காவுக்கு அதெல்லாம் இல்லை. முன்னால் நடந்தார். கடையில் நல்ல கூட்டம். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கொஞ்சம் சங்கடப்பட்டு, "வாங்க பாய், உக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்தினார். அக்கா உட்காரவில்லை. வழக்கம்போல நின்றார். ஆனால் இந்த முறை டிவியைப் பார்க்கவில்லை. விளையாடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றுக்கு ஒரு மூச்சு நேரம்.

"நிக்குதுதான்" என்றார் என் காதருகில். "ஆனா அவங்களுக்குத் தெரியல. பொய்யில்ல. நெஜமாவே தெரியல."

கடைக்காரர் சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார். "நீங்க ஒரு ஆட்டம் போடறீங்களாக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் இருபது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்தக் கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர் இது போகிறது, இது திரும்புகிறது என்று காட்டிக் கொடுத்தார். முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார். பின்னால் எடுத்தார். மறுபடியும் மோதினார். மூன்றாவது முறை வளைவு திரும்பியது. உடம்பும் சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் குனிந்து கேட்டேன். "அக்கா, நிக்குதா?"

அவர் திரும்பவில்லை. கண் சாலையிலேயே இருந்தது. இன்னொரு வளைவு வந்தது, அதையும் திருப்பினார். அப்புறம்தான் பதில் வந்தது.

"தெரியல தம்பி. ஓட்டறப்ப ஒண்ணுமே தெரியல."

என் கடையில் எத்தனையோ மாலைகள் அந்தச் சுவரோரம் நின்றிருக்கிறார். சென்னையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். ஒரு லட்சம் ரூபாய் தீர்ப்பை அவரிடம் கேட்ட நான், ஒருநாளாவது அந்தக் கைப்பிடியை அவர் கையில் கொடுத்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேனா?

அரை மணி நேரம் முடிந்ததென்று கடைக்காரர் சொன்னார். அக்கா கைப்பிடியைக் கீழே வைக்கவில்லை. நான் கல்லாவுக்குப் போய் இன்னொரு இருபது ரூபாய் கட்டினேன்.